நகப்பூச்சு வைத்த திருகு

உலகத்தில் எல்லோரும் சத்தத்தில் இருக்கும் கரகரப்பை எடுக்கக் காசு செலவழித்துக்கொண்டிருக்கும்போது, நன்றாக இருக்கிற சத்தத்தில் கரகரப்பைப் போட்டுக் கொடுத்துப் பிழைத்த ஒரு மனிதர் இருந்தார். கிட்டார் வாசிக்கிறவர்கள் காலடியில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி வைத்திருப்பார்களே, பெடல் என்பார்கள், ஒரு மிதி மிதித்தால் கிட்டாரின் குரல் உடைந்து உறும ஆரம்பிக்குமே, அந்தப் பெட்டிகளை வடிவமைப்பதுதான் அவர் தொழில். தெருவில் அவருக்குக் 'கரகரப்பு' என்றே பெயர். கரகரப்பு சார் வீடு எது என்று கேட்டால் பால் போடுகிறவர்கூட வாசல்வரை கொண்டுவந்து விடுவார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அப்படி யாரும் இந்தப் பக்கம் இல்லையே என்பார்.

வீட்டின் பின்பக்கத்து அறைதான் அவருடைய தொழிற்சாலை, ஆபீஸ், உலகம் எல்லாம். சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரில் பழைய மெத்தைகளை அடித்து வைத்திருந்தார். போனது போகத்தான் செய்தது. மேசையில் சால்டரிங் அயர்ன், அலைகளைத் திரையில் காட்டும் ஸ்கோப், பாட்டில் பாட்டிலாக எறும்பு அளவில் டையோடுகள். "எல்லாரும் எறும்புக்குப் பயந்து சர்க்கரையை டப்பாவுல போட்டு வைப்பாங்க, இவர் எறும்பையே டப்பாவுல போட்டு வெச்சிருக்கார்" என்று அவர் மனைவி வருகிறவர்களிடம் சொல்வார். பள்ளிக்கூட டீச்சர், வாய் கொஞ்சம் நீளம்.

மனிதர் லேசில் எதையும் நம்பமாட்டார். மின்கலத்தின் மேல் ஒன்பது வோல்ட் என்று அச்சடித்திருந்தால் மீட்டரை வைத்துப் பார்ப்பார். அந்த மீட்டர் சரியா என்று இன்னொரு மீட்டரை வைத்துப் பார்ப்பார். கடைக்காரர் கொடுத்த கெப்பாசிட்டரை, கடைக்காரர் முன்னாலேயே அளந்து பார்த்து, அவர் மூஞ்சியைச் சுளிக்க வைத்துவிட்டுத்தான் வாங்குவார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது மீட்டரை வீட்டில் வைத்துவிட்டு வந்ததே பெரிய விஷயம் என்று மனைவி கேலி செய்வார். இப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு பொருளைத்தான் அளந்து பார்க்காமல் நம்பினார். அது அவருடைய அக்காவின் வலது கை.

அக்கா கிட்டார் வாசிப்பவள். பகலில் ஓர் இசைப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பாள், மாலையில் ஒரு குழுவோடு மேடை ஏறுவாள். முதல் சம்பளத்தில் யாரோ கழித்துவிட்ட ஒரு கிட்டாரையும், பாதி உயிரில் இருந்த ஓர் ஆம்ப்ளிஃபயரையும் வாங்கி வந்தாள். அப்போது தம்பி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். ஆம்ப்ளிஃபயர் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டது. தனக்கு எல்லாம் தெரியும் என்று தம்பி அதைத் திறந்து, எதையோ எதிலோ மாற்றிப் பற்றவைத்துவிட்டார். மறுபடி போட்டபோது கிட்டார், தொண்டை கட்டின ஆள் சண்டைக்கு வருகிற மாதிரி கத்தியது. தம்பி பயந்துபோய் அழ ஆயத்தமானார். அக்கா மட்டும் இன்னொரு தரம் கம்பியைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதைச் சரி பண்ணாதே, இப்படியே இருக்கட்டும் என்றாள். சரியாகச் செய்ததற்காக அல்லாமல் தப்பாகச் செய்ததற்காக முதல் பாராட்டு வாங்கிய மனிதர் வேறு என்ன தொழிலுக்குப் போவார்?

வருஷங்கள் போய் அவர் பெட்டிகள் செய்து விற்க ஆரம்பித்த பிறகும், அக்காவுக்கு எந்தப் பெட்டியும் திருப்தியாக இல்லை. சாதாரண டிஸ்டார்ஷன் பெட்டி, கிட்டாரிலிருந்து வரும் அலையின் தலையை ஒரே உயரத்தில் வெட்டிவிடும். அந்த வெட்டுதான் காதுக்குக் கரகரப்பாகக் கேட்கிறது. மெதுவாக மீட்டினாலும் வெட்டு, ஓங்கி அடித்தாலும் வெட்டு. ஒரு நாள் அவர் பெருமையாகக் கொண்டுவந்து வைத்த பெட்டியைக் கொஞ்ச நேரம் வாசித்துப் பார்த்துவிட்டு அக்கா கிட்டாரை மடியில் படுக்க வைத்தாள்.

"இது எப்பப் பாத்தாலும் கத்திக்கிட்டே இருக்கிற ஆள் மாதிரி இருக்குடா. அவனுக்கு நிஜமாவே கோபம் வந்தா எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. கையின் அழுத்தத்துக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொள்ளும் ஒரு பெட்டி செய்ய வேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றார். வரும் அலை எவ்வளவு பெரியது என்று ஒரு பகுதி உட்கார்ந்து கவனித்துக்கொண்டே இருக்கும். அடி சின்னதாக இருந்தால் அலையைத் தொடாமல் அப்படியே விட்டுவிடும், பெரிதாகப் பெரிதாகத்தான் வெட்ட ஆரம்பிக்கும். எந்த அளவில் வெட்ட ஆரம்பிக்க வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் ஒரு சின்னத் திருகு முடிவு செய்யும். மிளகு அளவுதான் இருக்கும், மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் திருப்ப வேண்டும். வெட்டு ஆரம்பித்ததும் பெட்டியின் மேல் ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது, செய்யும்போது உயிரை வாங்கியது. அடி அடங்கும்போது உறுமல் சட்டென்று நின்றால் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியது மாதிரி இருந்தது. மெல்லப் போகட்டும் என்று விட்டால் அது இழுத்துக்கொண்டே போய் அடுத்த அடியின் மேல் விழுந்தது. அக்காதான் வழி சொன்னாள். கோபம் வருவது சட்டென்று வரட்டும், போவது மட்டும் கொஞ்சம் முனகிக்கொண்டே போகட்டும், நம் அப்பா மாதிரி என்றாள். அப்பா முனகிக்கொண்டே மாடிப்படி ஏறும் நேரத்தை இருவரும் மனசுக்குள் கணக்குப் போட்டுச் சிரித்தார்கள். அந்த நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் கெப்பாசிட்டர்களை அவர் மாற்றி மாற்றிப் போட்டார். ஒரு மழைக்காலம் முழுக்க இதே வேலையாக இருந்தார்.

அவருக்கு கிட்டார் வாசிக்க வராது. சோதனைக்குக் கை வேண்டுமென்றால் அக்காதான் வர வேண்டும். அதற்கென்று அவர்களுக்குள் ஒரு முறை இருந்தது. மூன்று அடி. முதல் அடி தூங்குகிற குழந்தையின் முதுகைத் தட்டுவது போல, அப்போது விளக்கு எரியக் கூடாது. இரண்டாவது சாதாரணமாகப் பேசுவது போல, விளக்கு மினுக்கென்று எட்டிப் பார்க்கலாம். மூன்றாவது, மாமாவோடு, அதாவது தன் வீட்டுக்காரரோடு, சண்டை வந்தால் அக்கா சமையலறைக் கதவைச் சாத்துவது போல, விளக்கு நின்று எரிய வேண்டும். அந்தப் பெட்டி சரியாக அமைந்த அன்று இந்த மூன்று அடிகளையும் அவர் கம்ப்யூட்டரில் பதிவு செய்து வைத்துக்கொண்டார். மூன்றாவது அடி முடிந்ததும் அக்கா சிரிப்பதும் அதில் இருக்கும்.

திருகைச் சரியான இடத்தில் நிறுத்திய பிறகு, அதிர்ச்சியில் அது நகர்ந்துவிடாமல் இருக்க மேலே ஒரு சொட்டு நகப்பூச்சு வைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். காய்ந்தால் பூட்டுப் போட்ட மாதிரி நிற்கும். அன்று அவரிடம் இருந்த புட்டி காய்ந்து போயிருந்தது. அக்கா தன் கைப்பையிலிருந்து சிவப்புப் புட்டியை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து, தானே அளவாக ஒரு சொட்டு வைத்தாள்.

"இனிமே இதுல எவனாவது கை வெச்சா தெரிஞ்சுரும்" என்றாள்.

அந்தப் பெட்டியோடு அக்கா மேடை ஏறியபோது வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்தது. பாடுகிறவர் மெதுவாகப் பாடும்போது கிட்டார் அவர் பின்னால் பவ்யமாக நடந்து வரும். அவர் நிறுத்தினதும் அக்கா ஒரு அடி ஓங்கி வைப்பாள், முன் வரிசை நிமிர்ந்து உட்காரும். மாமா சங்கீதம் தெரியாதவர், இது நம் வீட்டில் தினமும் கேட்கிற சத்தம்தானே, இதுக்குப் போய் டிக்கெட் வாங்கி வந்திருக்கிறார்களே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். கரகரப்புக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. பெட்டியின் புகழ் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவி, ஒரு கம்பெனி அதை நிறையச் செய்து விற்கலாம் என்று அவரிடம் பேச்சை ஆரம்பித்தது.

பேச்சு ஆமை வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில்தான் அக்கா ஒரு மதியம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஓங்கி அடித்தாலும் விளக்கு எரியமாட்டேன் என்கிறது என்றாள். அவர் மின்கலத்தை மாற்றினார். வயரை மாற்றினார். மழை ஈரம் உள்ளே போயிருக்கும் என்றார், ஸ்கோப்பை வைத்து ஒவ்வோர் இடமாக முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருப்பதைக் கண்டுபிடித்தால் மற்றவர்களுக்கு நிம்மதி வரும், அவருக்குச் சந்தேகம் வரும். எங்கேயோ ஒரு பாகம் வயசாகி அசந்துபோயிருக்கிறது என்று முடிவு கட்டி, சிவப்புப் பூச்சைச் சுரண்டிவிட்டு, திருகை நூல் அளவு திருப்பினார். மூன்றாவது அடிக்கு விளக்கு எரிந்தது. அக்கா காப்பிப் பொடி நிறத்தில் ஒரு சொட்டு வைத்துவிட்டுப் போனாள்.

சில மாதம் கழித்து மறுபடி அதே புகார். மறுபடி நூல் அளவு. அப்புறம் ஊதா நிறம், அப்புறம் ரோஸ். ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். இந்தத் தடவை வந்த கம்பிகள் மட்டம், கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பில் காந்தம் இறங்கிவிட்டது, அந்த டையோடு வாங்கின கடையே சரியில்லை. மேடையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. அலையின் தலையை வெட்டி உறும விட்டுவிட்டால் மெலிந்த அடியும் கனத்த அடியும் ஏறக்குறைய ஒரே சத்தத்தில்தான் வெளியே வரும். பெட்டி அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

அக்கா கையை அவர் ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்படவில்லை. அது அவருக்கு அளவுகோல். அளவுகோலை யாராவது அளந்து பார்ப்பார்களா? அவர் மனைவிதான் ஒரு நாள், உங்க அக்கா டீ டம்ளரை ரெண்டு கையாலும் பிடிச்சுக் குடிக்கிறாங்களே கவனிச்சீங்களா என்று கேட்டார். சூடாக இருந்திருக்கும் என்று இவர் பதில் சொன்னார். டீ எப்போதும் சூடாகத்தானே இருக்கும் என்று மனைவி திருப்பிக் கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு மதியம். அக்கா வழக்கமான நாற்காலியில் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தாள். அவர் பெட்டியின் மேல் குனிந்திருந்தார். மூன்றாவது அடியை அக்கா மறுபடி மறுபடி அடித்தாள், விளக்கு கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. அவள் அடிப்பதை நிறுத்திவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டேய், உண்மையைச் சொல்லு. என் கையா, உன் பெட்டியா?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "பெட்டிதான்க்கா. உன் கைக்கு என்ன கேடு?"

சொல்லிக்கொண்டே திருகைத் திருப்பினார். விளக்கு எரிந்தது. அக்கா ஒரு பெருமூச்சு விட்டாள், நல்ல மூச்சு என்று அவர் நினைத்துக்கொண்டார். நகப்பூச்சுப் புட்டியை அவர் பக்கம் தள்ளி, நீயே திறந்து வைத்துக்கொள், என் கை ஈரமாக இருக்கிறது என்றாள். அவர் திறந்து வைத்தார். அது நிறமே இல்லாத பூச்சு. அவருக்கு அளவாக வைக்க வராது, திருகைச் சுற்றி வழிந்தது.

கம்பெனிக்காரர்கள் கடைசியில் சரி என்றார்கள். அக்காவின் பெட்டியில் திருகு இருந்த இடத்தை அப்படியே அளந்து, அதே அளவில் வைத்த ஒரு மாதிரியை அவர் அனுப்பினார். அதைப் பார்த்து அவர்கள் நூற்றுக்கணக்கில் செய்து கடைகளுக்கு அனுப்பினார்கள். போன வேகத்தில் பெட்டிகள் திரும்பி வந்தன. தொட்டாலே உறுமுகிறது, மெதுவாக வாசிக்கவே முடியவில்லை, கையின் அழுத்தத்துக்குத் தகுந்தபடி மாறும் என்று விளம்பரம் போட்டுவிட்டு எப்போதும் கத்துகிற பெட்டியைத் தலையில் கட்டிவிட்டீர்களே என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். கம்பெனி இன்ஜினியர் அவரை வரச்சொன்னார்.

போனார். பெரிய கூடம், வரிசையாகத் திரும்பி வந்த பெட்டிகள். வாசிக்க மூன்று பேரை வைத்திருந்தார்கள். முதல் ஆள் கம்பியைத் தடவினார், விளக்கு எரிந்தது. இரண்டாவது ஆள் இன்னும் மெதுவாகத் தடவினார், அப்போதும் எரிந்தது. கரகரப்பு டையோடைக் குறை சொன்னார், உங்கள் ஆட்கள் பற்றவைத்த லட்சணம் இது என்றார், கடைசியில் இவர்களுக்குக் கை அடக்கமே இல்லை என்று வாய்க்கு வந்தபடி பேசினார். மூன்றாவதாக வாசித்த பெண் மரியாதையாகத்தான் சொன்னார்.

"சார், பெட்டியில தப்பு இருக்கிற மாதிரி தெரியல. நல்ல பெட்டி. ஆனா ரொம்ப முடியாத ஒருத்தருக்காகப் பாத்துப் பாத்துச் செஞ்ச மாதிரி இருக்கு."

அவருக்குச் சுருக்கென்றது. கோபம் என்றுதான் அப்போது நினைத்தார். இவர்களுக்கு அக்காவின் கையைக் காட்டி மூக்கை உடைக்கிறேன் பார் என்று கறுவிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். மாதிரி செய்ய வாங்கி வைத்த அக்காவின் பெட்டி அவரிடம்தான் இருந்தது. பழைய பதிவைக் கம்ப்யூட்டரில் தேடி எடுத்து, அதைப் பெட்டிக்குள் ஓடவிட்டார். குழந்தையின் முதுகைத் தட்டும் முதல் அடி வந்தது. விளக்கு எரிந்தது. இரண்டாவது எரிந்தது. மூன்றாவது அடியில் பெட்டி கத்தின கத்தில் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்று பார்த்தார், வயரைப் பார்த்தார், மீட்டருக்கு மீட்டர் வைத்துப் பார்த்தார். பழைய பதிவின் மூன்றாவது அடியை ஸ்கோப்பில் நிறுத்தினார். கடைசியாகத் திருகைத் திருப்பிய அன்று அக்கா அடித்தது அதில் ஏற்கெனவே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புதியது பழையதில் பாதிகூட இல்லை.

அப்போதும் நம்ப மனசு வரவில்லை. பெட்டியைத் திறந்து பூதக்கண்ணாடியை வைத்துத் திருகைப் பார்த்தார். நிறமில்லாத பூச்சுக்குக் கீழே ரோஸ், அதற்குக் கீழே ஊதா, காப்பிப் பொடி, எல்லாவற்றுக்கும் அடியில் ஓரமாகக் கொஞ்சம் சிவப்பு. பழைய சொட்டு எதன் தடமும் திருகைத் தாண்டவில்லை, கடைசிச் சொட்டு மட்டும் வழிந்திருந்தது. அந்தப் புட்டியைத் தன்னிடம் தள்ளியபோது அக்காவின் கை ஈரமாக இல்லை என்பது அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த மூடியை அவளால் திறக்க முடியவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, சின்னப் பையன் மாதிரி அழுதார். மனைவி வந்து தோளைத் தொட்டபோது, நீ சொன்னியே, நீ சொன்னியே என்றார்.

மறுநாள் காலையில் அக்கா வீட்டுக்குப் போய், காரணம் கேட்காதே, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றார். அக்கா காரணம் கேட்கவில்லை. அதுவே அவருக்கு என்னவோ போல் இருந்தது. மாமாதான், ஏன் இவ்வளவு அவசரம், டீ குடித்துவிட்டுப் போகலாமே என்று கேட்டுக்கொண்டே சட்டையை மாட்டினார்.

டாக்டர் அம்மா ஒரு காகிதத்தை நீட்டி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கிட்டார் கம்பியைத் தட்டும் பிக் என்ற சின்ன வில்லையைப் பிடிப்பது போலவே அக்கா பிடித்தாள். டாக்டர் மறு முனையைப் பிடித்து இழுத்தார். காகிதம் சிரமமே இல்லாமல் உருவிக்கொண்டு வந்தது. இடது கையில் அதே காகிதம் கிழிந்தது. கட்டை விரலுக்குப் பக்கத்தில் சதை கரைந்து பள்ளமாகியிருந்ததையும் அவர் காட்டினார். எத்தனையோ தடவை கண்ணுக்கு எதிரே ஆடின கைதான், கரகரப்பு அந்தப் பள்ளத்தை அன்றுதான் பார்த்தார். முழங்கையில் நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கிறது, ஆபரேஷன் செய்து விடுவித்தால் மேற்கொண்டு கெடாது, ஆனால் போன சதை முழுசாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். இதெல்லாம் நாள்பட்ட விஷயம், ஆரம்பத்திலேயே வந்திருந்தால் கை பழையபடி ஆகியிருக்கும், பலம் குறைவது முன்னாலேயே தெரியவில்லையா என்று கேட்டார். கேள்வி அக்காவைப் பார்த்துத்தான். பதில் சொல்ல வேண்டியவர் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

மாமா மருந்து வாங்கப் போனபிறகு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவர் எல்லாவற்றையும் சொன்னார். திருகு எவ்வளவு திரும்பியிருக்கிறது, ஸ்கோப்பில் என்ன தெரிந்தது, எத்தனை நிறம். உன் கை இறங்க இறங்க நான் பெட்டியை இறக்கிக்கொண்டே வந்திருக்கிறேன் என்றார். உலகத்திலேயே முதலில் தெரிந்திருக்க வேண்டியது எனக்குத்தான் என்றார். அக்கா வலது கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நீளமாகத் திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார், திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"நான் கேட்டேனேடா" என்றாள்.

மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள். "உள்ளுக்குள்ள பயமாத்தான் இருந்துச்சு. விரல் மரத்துப்போகும். ஆனா நீ பெட்டிதான்னு சொன்னதும் அப்படியே ஜில்லுனு ஆயிடும். அதான் வேற யார்கிட்டயும் கேக்கல. உன்கிட்டயே வந்து வந்து கேட்டேன்."

மாமா மருந்தோடு வருவதைப் பார்த்து அவர் எழுந்து அக்காவின் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

ஆபரேஷன் நடந்தது. கம்பெனிக்காரர்கள் திருகின் அளவை அந்த மூன்று பேரின் கைகளுக்கு நடுவாக மாற்றிக்கொண்டார்கள், பெட்டி நன்றாகவே விற்றது. யார் யாரோ பாராட்டினார்கள். அவர் அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளவில்லை. பெட்டியோடு வருகிறவர்களிடம் முதலில், உங்கள் கை எப்படி இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. ரிப்பேருக்கு வந்த இடத்தில் இவர் ஏன் நாடி பிடிக்கிறார் என்று சிலர் சிரித்தார்கள். சிரித்தாலும் பதில் சொல்லும்வரை பெட்டியைத் தொடமாட்டார். அக்கா மேடையை விட்டுவிட்டாள். இசைப் பள்ளிக்கு மட்டும் போனாள், வாசித்துக் காட்ட வேண்டிய இடங்களில் வாயால் பாடிக் காட்டினாள். அதைக் கேள்விப்பட்ட அன்று அவர் சாப்பிடவில்லை.

ஒரு வருஷத்துக்குப் பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் அக்கா கிட்டாரோடு பின்பக்கத்து அறைக்கு வந்தாள். அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். என் பெட்டி இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே அவர் எல்லாப் பூச்சையும் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய பதிவை ஓடவிட்டுத் திருகை முதல் நாள் இருந்த இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். அதன் மேல் பூச்சு வைக்க மட்டும் கை வரவில்லை. அன்று முதல் பெட்டி மூடி இல்லாமல் அலமாரியில் கிடந்தது.

மின்கலத்தை இரண்டு மீட்டரில் அளந்து போட்டார். அக்கா முதல் அடியை அடித்தாள். சுத்தமாக, அழகாக இருந்தது. இரண்டாவது அடியும் அப்படித்தான். மூன்றாவது அடிக்கு அவள் தோளிலிருந்து கையை இறக்கினாள். கிட்டார் சத்தமாகக் கேட்டது, அவ்வளவுதான். விளக்கு எரியவில்லை. இன்னொரு தரம் அடித்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். பிக் நழுவி மடியில் விழுந்தது.

அவருக்கே தெரியாமல் அவர் கை ஸ்க்ரூடிரைவரை எடுத்திருந்தது. நூல் அளவுதான், ஒரு திருப்பு திருப்பினால் அக்கா முகம் மலர்ந்துவிடும். அக்கா அதைப் பார்த்தாள்.

"அதைக் கீழ வை."

வைத்தார்.

"இப்பச் சொல்லு. என் கையா, உன் பெட்டியா?"

இந்தத் தடவை தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கி முகம் சரியாகத் தெரியவில்லை. கரகரவென்று, அவர் தொழிலுக்குத் தகுந்த குரலில்தான் பதில் வந்தது.

"உன் கைதான்க்கா."

அக்கா தலையை ஆட்டினாள். கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, கைப்பையிலிருந்து சிவப்புப் புட்டியை எடுத்து, மூடியைத் திறந்து தரச் சொல்லி நீட்டினாள். அவர் திறந்து கொடுத்தார். அவள் வலது கையால் குச்சியைப் பிடித்து, நடுங்காமல் இருக்க இடது கையால் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு, திருகின் மேல் தானே ஒரு சொட்டு வைத்தாள். சொட்டு திருகைத் தாண்டிப் பக்கத்திலும் பட்டது. அவர் அதைத் துடைக்கவில்லை.